தலைமுடிக்கு யாரிடம் போவது: நான் சுற்றிய சுற்று

கொழும்பில் டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு ஹற்றனுக்கு வந்து சேர்ந்தேன். காய்ச்சலை மறந்தே போயிருந்தேன். இரண்டரை மாதம் கழித்து ஒரு நாள் தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போகிற ஓட்டை அடைத்துக்கொண்டது, குனிந்து எடுத்துப் பார்த்தால் ஒரு கைப்பிடி முடி. அதற்குப் பிறகு தலையணையில், சோற்றில், தேயிலைக் கொழுந்து பறிக்கிற அம்மா போர்த்திக்கொள்ளும் கொங்காணியில்கூட என் முடிதான்.

லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெந்தயம், சின்ன வெங்காயச் சாறு, செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெய், எல்லாம் பூசினேன். எனக்கு ஏற்கெனவே பொடுகு அரிப்பு வேறு இருந்தது, எண்ணெய் ஊற ஊற அது இன்னும் கூடியதுதான் மிச்சம்.

அப்புறம் டவுனில் ஒரு பார்லர். அங்கிருந்த அக்கா தலையைத் தொடவே இல்லை, போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டி "வேரெல்லாம் செத்துப்போச்சு தங்கச்சி" என்றார். ஆறு தடவைக்கு 24,000 ரூபாய், கூடவே ஒரு போத்தல் பயோட்டின் என்கிற விட்டமின் மாத்திரை. இரண்டு தடவை போனேன், சல்லி முடிந்தது, நிறுத்திவிட்டேன்.

மூன்றாவதாக, கண்டியில் 'முடி நிபுணர்' என்று போர்டு போட்ட ஒருவர். வெள்ளைக் கோட்டு, கதிரை, பெரிய லைட், எல்லாம் இருந்தது. முதல் நாளே ஊசி போடலாம் என்றார். எனக்கு ஏனோ பயமாக இருந்தது, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரை அடித்தால் பதிவு பெற்ற டொக்டரா என்று பார்க்கலாம் என்று அண்ணன்தான் சொன்னார். அடித்துப் பார்த்தோம், அந்தப் பெயர் இல்லை. பிறகுதான் விளங்கியது, இப்படி 'முடி நிபுணர்' என்று போட்டுக்கொள்ளும் ட்ரைக்காலஜிஸ்ட் என்பவர் முடியைப் பற்றி ஒரு கோர்ஸ் படித்தவர், அதற்காக டொக்டர் ஆகிவிட மாட்டார். அவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள், தங்களால் முடியாததை டொக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். ஊசியைக் கையில் எடுப்பவரிடம் பதிவு இலக்கம் கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஆயுர்வேதத்துக்குப் போகிறவர்களும் பதிவு பெற்ற வைத்தியரா என்று பார்த்துவிட்டே போங்கள், அதற்கும் தனிச் சபை இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகுதான் ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) துண்டு வாங்கிக்கொண்டு அரச ஆஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குப் போனேன். சத்தியமாக அதுவரை தலைமுடிக்குத் தோல் டொக்டரிடம் போக வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. காலை நாலரை பஸ், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று குலுங்கிப் போய் நம்பர் எடுத்து உட்கார்ந்தால், கூப்பிடும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அம்மாவும் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தார்.

டொக்டர் சிங்களவர், அரைகுறைத் தமிழ், மிச்சத்தை நர்ஸ் சொன்னார். முதலில் தலையைப் பார்க்கவே இல்லை, கேள்விதான். நாலு மாதத்துக்குள் காய்ச்சல் வந்ததா, பிள்ளை பிறந்ததா, மாதவிலக்கு எப்படி, என்ன மாத்திரை போடுகிறாய். அப்புறம் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து, சின்ன லென்ஸ் ஒன்றை வைத்துப் பார்த்தார். ஐம்பது, அறுபது முடியை ஒன்றாகப் பிடித்து மெல்ல இழுத்தார், ஒன்பது பத்து கையோடு வந்தது. ஒன்றை வெளிச்சத்தில் தூக்கி, நுனியில் கடுகை விடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழைக் காட்டினார். இது செத்த வேர் இல்லை, காய்ச்சல் அதிர்ச்சியில் முடியெல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விட்டு இப்போது விழுகிறது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும், வேர் உள்ளே இருக்கிறது, ஆறு மாதத்தில் அநேகமாகத் தானாக அடங்கும் என்றார். எல்லோருக்கும் நாளுக்கு 50 முதல் 100 முடி விழத்தான் செய்யுமாம்.

பயோட்டினை நிறுத்தச் சொன்னார், அது தைரொய்ட் இரத்தப் பரிசோதனையில் பிழையான ரிசல்ட் காட்டிவிடுமாம். தைரொய்ட் சரியாக இருந்தது, ஆனால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11தான். சாப்பாட்டோடு பிளேன்டீ குடிப்பாயா என்று கேட்டார். குடிப்பேனாவாம்! தேயிலை மலையில் பிறந்துவிட்டு வேறு எதைக் குடிப்பது. தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சரியாகச் சேர விடாது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடி என்றார். இரும்பு மாத்திரையும், பொடுகுக்குக் கீட்டோகொனசோல் ஷாம்பூவும் தந்தார், தலையில் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும், கிழமைக்கு இரண்டு தடவை. முடி வளரத் தலையில் பூசும் மினொக்சிடில் மருந்து இப்போது தேவையில்லை என்றார். ஐந்தாவது மாதம் நெற்றியோரம் குட்டி முடி முளைத்தது.

அன்று கிளினிக்கில் எழும்பப் போகும்போது நர்ஸ்தான் அம்மாவின் உச்சியைப் பார்த்தார். கொழுந்துக் கூடையின் கயிறு உட்காரும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை, முப்பது வருடமாக. நாங்கள் யாரும் அதை வியாதி என்று நினைத்ததே இல்லை. டொக்டர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, இழுபட்டு இழுபட்டுப் போனது, பளபளப்பாகிவிட்ட இடத்தில் இனி முளைப்பது கஷ்டம், ஓரத்தில் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும், கயிற்றைத் தலையில் போடாதீர்கள் அம்மா என்றார்.

அம்மா சிரித்துக்கொண்டே, "அப்ப கொழுந்த எதுல போடுறது மாத்தயா?" என்று கேட்டார். நர்ஸ் அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை.