வயிறு வாய் வழியாக வந்த மீன்

"என்னம்மா, கோழித் தீவனத்துக்குப் போற குப்பையில போயி என்ன தேடுற?"

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம், ராத்திரி ஒன்பதரை மணி. ஆழ்கடல் இறால் இறக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு என்னைப் பார்த்துச் சிரிப்புத் தாங்கவில்லை.

கையில் இருந்ததைக் காட்டினேன். எலிவால் போல நீண்டு மெலிந்த வால், பிதுங்கிய பெரிய கண், வாய்க்குள் பலூன் மாதிரி ஏதோ ஒன்று. அது அதோட வயிறு. 300 மீட்டர் ஆழத்தில் நாம் இங்கே தாங்குவதைப் போல முப்பது மடங்கு அழுத்தத்தில் வாழ்ந்த மீன், வலையோடு சடாரென மேலே வரும்போது உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை ஊதிப் பெருத்து வயிற்றை வாய் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது.

ஆழ்கடல் உயிரியல் படிக்கிறேன் என்றால் எல்லாரும் நீர்மூழ்கியைத்தான் கேட்கிறார்கள். சென்னையில் உருவாகும் மத்ஸ்யா 6000-இல் மூன்று பேருக்குத்தான் இடம், ஆறாயிரம் மீட்டர் இறங்கப்போகும் அந்த மூன்று பேரில் நான் இருப்பேனா, யாருக்குத் தெரியும்! இப்போதைக்கு என் வேலை செத்த மீனின் துடுப்பு முள்ளை நுண்ணோக்கியில் எண்ணுவது, தப்பாக எண்ணுவது, மறுபடியும் எண்ணுவது. நாற்றம் வேறு.

ஆனால் அந்த இருட்டில் வாழ்ந்த ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது நாற்றமெல்லாம் மறந்துதான் போகிறது.

கிளம்பும்போது அண்ணாச்சியே இன்னும் இரண்டைப் பொறுக்கிப் பையில் போட்டார்.

மூன்றும் இப்போது எங்கள் வீட்டு ஃப்ரீசரில். அம்மா இன்னும் பார்க்கவில்லை.