சூரனுக்கு எத்தன தல

அக்டோபர் 5, சனி

ராத்திரி கூட்டாளி லேப்டாப்பத் தூக்கிட்டு வந்தான். ஹாலோவீன்னு அமெரிக்கப் பேய்ப்பட வரிச, மொத ரெண்டு படமும் போன வாரமே முடிச்சாச்சி, இன்னைக்கு மூணாவது, 1982ல வந்த சீசன் ஆஃப் த விட்ச். அர மணி நேரமா, மொத ரெண்டுலயும் முகமூடியும் கத்தியுமா கொல பண்ணுன மைக்கேல் மையர்ஸ் வருவான் வருவான்னு உக்காந்திருக்கோம், ஆளக் காணும். "வேற படத்தப் போட்டுட்டியால?"ன்னு கேட்டா அவனும் முழிக்கான். கடைசில பாத்தா மைக்கேல் படத்துக்குள்ள ஓடுற டிவில மொத பாகத்தோட விளம்பரத்துல தான் வாரான், அம்புட்டுத்தான் அவன் சோலி. கூட்டாளி பாதியில எந்திச்சிப் போயிட்டான், நான் முழுசா பாத்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

தூக்கம் இல்ல. கத இதான்: சான்டா மிரான்னு ஒரு ஊரு, அங்க சில்வர் ஷாம்ராக்னு பிள்ளைகளுக்கு முகமூடி செய்யுற கம்பெனி. மண்டஓடு, சூனியக்காரி, பூசணிக்கா, மொத்தம் மூணு மாடல். ஒவ்வொண்ணுலயும் ஒரு பட்டன், அதுக்குள்ள இங்கிலாந்துல ஸ்டோன்ஹெஞ்ச்னு நிக்குற பழங்காலக் கல்லுல இருந்து எடுத்த துண்டு. ஹாலோவீன்ங்கறது அங்க பிள்ளைக பேய் வேசம் போடுற பண்டிகை, அன்னைக்கு ராத்திரி டிவில ஒரு விளம்பரம் வரும், முகமூடிய மாட்டிட்டு அதப் பாத்தா பிள்ளைக தல உருகி உள்ளருந்து பூச்சியும் பாம்பும் வரும். சோதனைக்குன்னு ஒரு சின்னப் பையன அப்படி உக்கார வச்சிக் காட்டுவாங்க பாருங்க, மைக்கேல் கத்திய விட அது தான் எனக்கு வயித்தக் கலக்கிட்டு.

கொடுமை என்னன்னா அந்த விளம்பரப் பாட்டு நம்ம எல்கேஜில பாடுன லண்டன் பிரிட்ஜ் மெட்டு. அக்கா மவன் காலைல இருந்து அதயே முணுமுணுத்துட்டுத் திரியான், நேத்து பக்கத்து ரூம்ல தூங்குதான்னுல்லா நெனச்சேன்.

அக்டோபர் 9, புதன்

இந்தத் திருப்பம் வேணும்னே பண்ணுனது. மொத படத்த எடுத்த ஜான் கார்ப்பென்டரும் டெப்ரா ஹில்லும் மைக்கேல் கத ரெண்டாவதோட தீந்துட்டுன்னு முடிவு பண்ணி, இனி அந்தப் பண்டிகைய வச்சி ஒவ்வொரு படத்துக்கும் புதுக் கதன்னு கெளம்பியிருக்காங்க. இயக்குனர் டாமி லீ வாலஸ். மொத படத்துல ஸ்டார் ட்ரெக் டிவி தொடர்ல வார கேப்டன் கிர்க் முகமூடிய வாங்கி வெள்ளையடிச்சி மைக்கேலுக்கு மூஞ்சி செஞ்சி குடுத்ததே இவருதான், அதே மனுசன் அந்த மூஞ்சியத் தூக்கிப் போட்டுட்டு முகமூடியவே வில்லனாக்கிட்டாரு. சனம் ஏத்துக்கல. 1988ல நாலாவது படத்துல மைக்கேலத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க, டைட்டில்லயே அவன் பேரப் போட்டு, இனி சண்ட போடாதீங்கப்பாங்கற மாதிரி.

அத்தான் கொலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மால போட்டிருக்காவ, காளி வேசம். திண்ணைல உக்காந்து சடைமுடியச் சிக்கெடுத்துட்டே நான் சொன்ன கதயக் கேட்டாவ. "ஏம்டே, நம்ம சூரன் சுத்துக்கு ஒரு தலய மாட்டிட்டு வாரான், சிங்கம்ங்கான், எருமைங்கான், எவனாவது பழைய தல எங்கன்னு கேக்கானா?"ன்னாவ. எனக்கு சிரிப்பு தாங்கல. ஆனா அங்க அடுத்து தல மாறும்னு வார சனத்துக்கெல்லாம் தெரியும்லா. இவனுவ மூணுன்னு நம்பரப் போட்டு டிக்கெட்ட வித்துட்டு உள்ள போனா தலய மாத்திட்டானுவ, கோவம் வரத்தான செய்யும். எனக்கென்னமோ நம்பர் போடாம விட்டிருந்தா அப்பமே ஓடியிருக்கும்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேத்து கொலசை. திருச்செந்தூர் தாண்டுனதும் ரோட்டுல காளி, கொரங்கு, போலீஸ், குறவன் குறத்தின்னு ஒரே வேசம், தாரை தப்பட்டைல காது அடைச்சிட்டு. கடக்கரைல நடுராத்திரி சூரசம்ஹாரம், எருமத்தல விழுந்தப்ப கூட்டம் போட்ட சத்தத்துல அலச் சத்தமே கேக்கல.

காலைல காப்பு அறுத்தாச்சி. சாயத்தக் கழுவிட்டு வந்த அத்தான் ரெண்டு சுத்து மெலிஞ்ச மாதிரி இருந்தாவ, வந்ததும் டீ கேட்டாவ. மவன் மட்டும் பிளாஸ்டிக் கொரங்கு மூஞ்சியக் கழட்டவே மாட்டேன்னு ஒரே அடம், பஸ்ல அதோடயே என் மடில தூங்கிட்டான். பைய்ய எலாஸ்டிக்க எடுத்து விட்டேன், காதுக்குப் பின்னால செவசெவன்னு தடம். முகமூடியக் கவுத்துனா பொலபொலன்னு என்னமோ வேட்டில கொட்டுச்சி பாருங்க, ஒரு நிமிசம் எனக்கு உசுரே இல்ல.

கடக்கர மணல்.