முதுகில் ஊசி

"முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும், வேண்டாம் சார்" என்று இன்று காலையும் ஒரு தாய் கைகூப்பினார்.

மகனுக்கு எச்.ஐ.வி. சில வாரங்களாகத் தலைவலி. காய்ச்சல் பெரிதாக இல்லை. கழுத்து விறைக்கவும் இல்லை. ஆனாலும் மூளையைச் சுற்றிய உறையில் கிருமித் தொற்று (மெனிஞ்சைடிஸ்) இருக்குமோ என்று சந்தேகம். முதுகில் ஊசி வைத்துத் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த நோயாளிகளிடம் சிக்கலே அதுதான். கழுத்து விறைப்பது பெரும்பாலும் உடல் கிருமியோடு போராடுவதால். போராடவே ஆளில்லாதபோது அறிகுறி எங்கிருந்து வரும்? தண்டுவட நீரில் வெள்ளணுக்கள்கூடச் சில சமயம் இயல்பான அளவிலேயே இருக்கும்.

ஒருவழியாகச் சம்மதித்தார். எடுத்த நீரோடு ஒரு சொட்டு இந்திய மை கலந்து நுண்ணோக்கியில் வைத்தோம்.

கறுப்புப் பரப்பில் வெள்ளை வளையங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் உருண்டை. ஒன்று மொட்டு விட்டுக்கொண்டிருந்தது.

கிரிப்டோகாக்கஸ். புறா எச்சத்திலும் மண்ணிலும் வாழும் பூஞ்சை. நம்மில் பலரும் சுவாசித்திருப்போம், ஒன்றும் ஆகியிருக்காது.

மை பார்க்க அழகு, ஆனால் கிருமி குறைவாக இருந்தால் ஏமாற்றிவிடும். பூஞ்சையின் கூறைக் கண்டறியும் ஆன்டிஜென் பட்டை அதைவிட நம்பகமானது. ரத்தத்திலேயே, சுமார் 10 நிமிடத்தில் சொல்லிவிடும். சிடி4 (எச்.ஐ.வி. அழிக்கும் நோய் எதிர்ப்பு அணு) எண்ணிக்கை 100க்குக் கீழே போனவர்களுக்குத் தலைவலி வருமுன்பே இதைச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எத்தனை இடங்களில் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள், எரிச்சல் வரும்.

பட்டை இருந்தாலும் ஊசியைத் தவிர்க்க முடியாது. மண்டைக்குள் ஏறிய அழுத்தத்தை நீரை எடுத்துத்தான் இறக்க வேண்டும்.

பூஞ்சை கிடைத்துவிட்டதென்று காசநோயை மறக்கவும் முடியாது. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனைக்கும் ஒரு குழாய் அனுப்பியிருக்கிறேன்.