அகிஹபரா சந்தில் நான்கு சேனல் பெட்டிகளைத் தேடி

டோக்கியோவில் அகிஹபரா நிலையத்தை ஒட்டி, சோபு ரயில் பாதைக்கு அடியில் ரேடியோ சென்டர் இருக்கிறது. பெயரில்தான் சென்டர். உள்ளே போனால் சந்துதான். எதிரே ஒருவர் வந்தால் தோளைத் திருப்பி வழிவிட வேண்டும். இரண்டு பக்கமும் பெட்டிக்கடை அளவில் கடைகள். ஒன்றில் சுவிட்ச் மட்டும், அடுத்ததில் ஒயர் மட்டும், அதற்கடுத்ததில் மீட்டர் மட்டும். போர் முடிந்த கையோடு இந்தத் தெருவோரத்தில் வால்வும் ரேடியோ உதிரிபாகங்களும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1949-ல் தெருக்கடைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்ததும், தண்டவாளத்துக்கு அடியில் ஒதுங்கினார்கள். அந்த வழியில் வந்த கடைகள்தான் இவை. வெளியே பெரிய சாலையில் அனிமே பொம்மைகள் மாடி மாடியாக அடுக்கியிருக்கின்றன. கூட்டமெல்லாம் அங்கே. எனக்கு வேலை இந்தச் சந்தில்.

நான் தேடிப்போனது 1970-களில் ஜப்பானில் செய்த குவாட்ரஃபோனிக் டீகோடர்களை. அதாவது, இசைத்தட்டின் இரண்டு சேனலுக்குள் மடித்து வைத்த நான்கு சேனல் ஒலியைப் பிரித்து, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிகள். இப்படி மடிக்கலாம் என்ற யோசனையை 1960-களின் கடைசியில் முன்வைத்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் ஷைபர் என்ற அமெரிக்கர். பசூன் வாசிப்பவர். ஆனால் அந்த யோசனையை வீட்டுக்கு வீடு கொண்டுபோகும் சரக்காக மாற்றியதில் ஜப்பானிய நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு. சான்சுய் நிறுவனம் கியூஎஸ் முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்க சிபிஎஸ் உருவாக்கிய எஸ்கியூ முறையை சோனி எடுத்துக்கொண்டது. விக்டர், அதாவது ஜேவிசி, 1971-ல் சிடி-4 என்று முற்றிலும் வேறு பாதையில் போனது. ஒன்றுக்குச் செய்த தட்டு இன்னொன்றில் ஒழுங்காகப் பிரியாது. வாங்குகிறவர் எதை நம்பி நான்கு ஸ்பீக்கருக்குக் காசு போடுவார்? 1970-களின் முடிவுக்குள் கதை முடிந்துவிட்டது. பெட்டிகள் மட்டும் பரண்களில் தங்கிவிட்டன.

ரேடியோ சென்டரில் முழு டீகோடர் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகவேண்டாம். அங்கே கிடைப்பது உதிரிபாகம். ஆனாலும் ஒரு கடையில் கட்டைவிரல் நக அளவு டிரான்ஸ்பார்மர்கள் சின்னச் சின்ன உறைகளில் தொங்கின. எஸ்டி-32 என்று எண், மேலே சான்சுய் என்று பெயர். சான்சுய் ஆரம்பத்தில் டிரான்ஸ்பார்மர் செய்த கம்பெனி. ஆம்ப்ளிஃபயரும் டீகோடரும் அப்புறம்தான். 2014-ல் அந்த நிறுவனம் திவாலானது. ஆனால் இந்தக் குட்டி டிரான்ஸ்பார்மர்களை ஹஷிமோட்டோ என்ற நிறுவனம் அதே பெயரில் செய்துவருவதால், பள்ளிப் பையன்கள் ரேடியோ கட்ட இன்றும் வாங்கிப்போகிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன், தேவை என்று எதுவும் இல்லாமலே.

பழைய ஆடியோ சாதனங்கள் விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில், கண்ணாடி அலமாரிக்குள் சான்சுய் கியூஎஸ்டி-1 இருந்தது. இந்தப் பித்து பிடித்தவர்கள் எல்லாரும் கேட்கும் பெட்டி அது. உலகம் முழுக்க ஆள் இருப்பதால் விலையும் அதற்கேற்ப. பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். கண்ணாடிக்குள் போய்விட்ட பெட்டிக்கு இனி நம் தயவு தேவையில்லை. யாராவது பார்த்துக்கொள்வார்கள். குப்பைக்குப் போகவிருக்கும் பெட்டிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அவற்றுக்கு ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே போகவேண்டும். எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாயில் குடியிருக்கிறான். விடுமுறை நாளில் அவன் என்னை சைதாமா பக்கம் ஒரு ஹார்ட் ஆஃப் கடைக்குக் கூட்டிப்போனான். ஜப்பான் முழுக்கக் கிளை உள்ள பழைய சாமான் கடை இது. நீகாதாவில் ஆடியோ கடை நடத்திக்கொண்டிருந்தவர்கள் 1993-ல் தொடங்கியது. அதனாலோ என்னவோ, ஆடியோ பக்கம் இன்றும் கொழுத்த பகுதியாக இருக்கிறது. அதிலும் பின்சுவரை ஒட்டி ‘ஜங்க்’ என்று ஒரு வரிசை. எனக்கு அதுதான் கோயில்.

கீழ்த்தட்டில், இரண்டு கேசட் டெக்குகளுக்கு அடியில், மர உறை போட்ட ஒரு சான்சுய் டீகோடர் கிடந்தது. துண்டுச்சீட்டைத் தம்பி படித்தான். “அண்ணே, கரண்ட் வருதாம். சத்தம் சோதிக்கலையாம். திருப்பித் தந்தா வாங்க மாட்டாங்களாம்.” விலை சில ஆயிரம் யென். நான் முதலில் பார்த்தது பின்பக்க ஸ்க்ரூக்களை. நான்கிலும் வாய் மழுங்கவில்லை, முன்பு யாரும் திறந்ததற்கான கீறல் இல்லை. இந்தப் பெட்டிகளில் வேரியோ-மேட்ரிக்ஸ் என்ற சுற்றுக்கென்றே செய்த ஐசிகள் இருக்கும். இன்று யாரும் அவற்றைச் செய்வதில்லை. உள்ளே கைவைத்து அவற்றை எரித்துவிட்ட பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்கக்கூடாது. முகப்பில் கீறலா, குமிழ் ஒன்று இல்லையா, பரவாயில்லை. குமிழைத் திருப்பினேன். முதலில் இறுக்கம், பிறகு ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’கென்று உட்கார்ந்தது. காற்றுத் துளையில் மூக்கை வைத்தேன். தூசி வாசம்தான், கருகல் வாசம் இல்லை. சரி, எடு என்றேன்.

இந்தப் பெட்டிகள் கடைகளில் இன்னும் விற்பனைக்குக் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு போராட்டம் உண்டு. பிஎஸ்இ என்ற மின்பாதுகாப்பு முத்திரை இல்லாத பழைய சாதனங்களை 2006 ஏப்ரல் முதல் கடைகள் விற்கக்கூடாது என்ற நிலை வந்தது. பழைய சின்தசைசர், ஆம்ப்ளிஃபயர் எல்லாமே மாட்டிக்கொள்ளும். ரியூயிச்சி சகாமோட்டோ உள்ளிட்ட இசைக்கலைஞர்கள் கையெழுத்து திரட்டினார்கள். அரசு இறங்கிவந்து வழிவிட்டது. இல்லையென்றால் அந்தக் கீழ்த்தட்டு காலியாகத்தான் இருந்திருக்கும்.

நிஷிகசாயில் தம்பியின் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துப் பெட்டியைத் திறந்தோம். நம்மூர் டிவி மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, அந்த சீரிஸ் பல்பு ஒன்றை முதலில் கட்டினேன். பல்பு ஒரு நொடி பிரகாசமாகி உடனே மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை என்று பொருள். மங்கியது. அகிஹபராவில் அகிசுகி கடையில் வாங்கிவந்த எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களை ஒன்று ஒன்றாக மாற்றினேன். ஐம்பது வருடம் ஆன எலக்ட்ரோலிடிக் காய்ந்துபோயிருக்கும், அதில் விவாதமே வேண்டாம். அடுத்து டிரான்சிஸ்டர்கள். அந்தக் காலத்து ஜப்பான் ஆடியோவில் 2எஸ்சி458 என்ற எண் எங்கே பார்த்தாலும் இருக்கும். வயதானால் அதன் கால்கள் கறுத்து, ஒலியில் எண்ணெய்ச் சட்டி மாதிரி சடசடப்பு வரும். இதிலும் கறுத்துத்தான் இருந்தன. தரவுத்தாளில் கால் வரிசையைச் சரிபார்த்து 2எஸ்சி1815 போட்டேன். சுவிட்ச்களுக்குக் கான்டாக்ட் கிளீனர். ஐசிகளைத் தொடவே இல்லை.

இனி அது என்ன செய்கிறது என்று சொல்கிறேன். கியூஎஸ் முறையில் முன் நடுவில் இருக்கும் ஒலி இரண்டு சேனலிலும் ஒரே கட்டத்தில் பதிவாகும். பின் நடுவில் இருப்பது எதிரெதிர்க் கட்டத்தில், ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும்படி பதிவாகும். டீகோடர் இந்த உறவைப் பார்த்து இடம் பிரிக்கிறது. வெறும் மேட்ரிக்ஸ், அதாவது மாறாத விகிதத்தில் கலந்து பிரிக்கும் சுற்று, மட்டும் என்றால் பக்கத்து ஸ்பீக்கருக்கு 3 டெசிபல்தான் வித்தியாசம். இடது முன்னால் வைத்த குரல் இடது பின்னாலும் வலது முன்னாலும் கசியும், மூலைவிட்டத்தில் மட்டும் போகாது. வேரியோ-மேட்ரிக்ஸ் அந்தந்த நேரத்தில் ஓங்கி ஒலிப்பது எந்தத் திசை என்று கண்காணித்து, பிரிக்கும் அளவுகளை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். கசிவு வெகுவாகக் குறைந்துவிடும். இதை வெறும் அனலாக் சுற்றில் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது.

கியூஎஸ் தட்டு இல்லாதவருக்கு இதனால் என்ன லாபம்? அங்கேதான் விஷயம். சாதாரண ஸ்டீரியோ பதிவிலும் மண்டபத்தின் எதிரொலி, கைதட்டல், சுவரில் மோதித் திரும்பும் ஒலி எல்லாம் கலைந்த கட்டத்தில்தான் பதிவாகியிருக்கும். டீகோடர் அதில் ஒரு பங்கைத் தானாகவே பின்னால் அனுப்பிவிடும். இதற்காகவே சான்சுய் தன் பெட்டிகளில் ‘ஹால்’, ‘சரவுண்ட்’ என்று தனி நிலைகள் வைத்தது. அன்று மாலை தம்பியின் ஸ்டீரியோ முன்னால், இரவல் வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்கள் சோபாவுக்குப் பின்னால். கோயில் மண்டபத்தில் பதிவுசெய்த ஒரு நாகஸ்வரக் கச்சேரியை அவன் போட்டான். ‘ஹால்’ வைத்ததும் நாகஸ்வரம் முன்னாலேயே நின்றது. தவிலின் அடி முன்னால், அதன் அதிர்வு நம் முதுகுப்பக்கம். யாரோ இருமியது வலது பின்மூலையில். தம்பி திரும்பிப் பார்த்தான்.

அதனால் இதை அருங்காட்சியகப் பொருளாக வாங்கி அடுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. என் வீட்டில் இது தினமும் வேலை செய்கிறது. நான்கு வெளியீட்டையும், கம்ப்யூட்டருக்குள் ஒலியை ஏற்றும் நான்கு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸில் கொடுத்து, கியூஎஸ் தட்டுகளை நான்கு தடக் கோப்புகளாகப் பதிந்துவைக்கிறேன். 100 வோல்ட் பெட்டி என்பதால் சின்ன ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் போதும். சிடி-4 பெட்டிகள் வேறு ஜாதி. தட்டில் 30 கிலோஹெர்ட்ஸ் சுமப்பலையில், அதாவது காதுக்குக் கேட்காத உயர் அலை ஒன்றின் மேல், ஏற்றிய முன்-பின் சேனல் வித்தியாசத்தைப் படிக்க 45 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலை) வேண்டும். அதற்காகத்தான் ஜேவிசியின் நொரியோ ஷிபாதா, அவர் பெயரிலேயே வழங்கும் ஊசிமுனையை வடிவமைத்தார். சாதாரண ஊசியில் தேய்ந்த தட்டில் அந்த அலையே அழிந்திருக்கும். தட்டு இல்லாமல் சிடி-4 பெட்டி மட்டும் மலிவாகக் கிடைத்தால், உள்ளே இருக்கும் ஃபோனோ பகுதிக்காக, அதாவது ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சுற்றுக்காக, வாங்கலாம்.

ஜப்பான் போகாமல் இதை ருசிபார்க்கவும் வழி இருக்கிறது. டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்க ஆடியோ பொறியாளர் பிரபலப்படுத்திய முறை அது. ஆம்ப்ளிஃபயரின் இடது ‘பிளஸ்’, வலது ‘பிளஸ்’ இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்பீக்கரைக் கட்டிப் பின்னால் வையுங்கள். இரண்டு சேனலின் வித்தியாசம் மட்டும் அதில் கேட்கும். ஆம்ப்ளிஃபயரின் இரண்டு ‘மைனஸ்’ முனைகளும் உள்ளே பொதுவாக இணைந்திருப்பதை முதலில் மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மைனஸ்’ முனையிலும் சிக்னல் ஓடும் பிரிட்ஜ் வகை ஆம்ப்ளிஃபயர் என்றால் இதைச் செய்யவே வேண்டாம்.