திருநல்லத்தில் செம்பியன் மாதேவியாரைத் தேடி

கும்பகோணத்திலிருந்து காரைக்கால் செல்லும் சாலையில் எஸ். புதூரில் பிரிந்தால் கோனேரிராஜபுரத்தை அடையலாம். அப்பரும் சம்பந்தரும் பாடிய திருநல்லம் இதுவே. பேருருவ நடராசரைத் தரிசிக்கவே பெரும்பாலான அடியார்கள் இங்கு வருகிறார்கள். நாங்களும் அவரைக் கண்குளிரக் கண்டு, உமாமகேசுவரரையும் அங்கவள நாயகியையும் வணங்கிவிட்டு, கருவறையின் தெற்குச் சுவரை நாடிச் சென்றோம்.

கண்டராதித்த சோழர் சிவலிங்கத்தை வழிபடும் சிறு புடைப்புச் சிற்பம் அங்கே இருக்கிறது. மகன் உத்தம சோழர் அரசாண்ட காலத்தில், தம் கணவர் கண்டராதித்தரின் திருநாமத்தால் இக்கற்றளியை (கற்கோயிலை) எடுப்பித்து, திருநல்லமுடையாரைத் தொழுகின்றவராக அவரது உருவத்தையும் அமைத்தவர் சோழப் பேரரசி செம்பியன் மாதேவியார் என்று உடனிருக்கும் கல்வெட்டு அறிவிக்கிறது. தம் உருவத்தை அம்மையார் அங்கே செதுக்கச் சொல்லவில்லை. எடுப்பித்தவரை எழுத்தில் மட்டுமே காண முடிகிறது என்பது என்னை நெடுநேரம் அவ்விடத்திலேயே நிறுத்தியது.

ஏழாம் நூற்றாண்டில் மங்கையர்க்கரசியார் சம்பந்தரை மதுரைக்கு வரவழைத்து, சமணம் சார்ந்திருந்த பாண்டியனைச் சைவத்துக்குத் திருப்பினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் காலத்துக்கு வரும்போது அந்தப் பக்தி நிலமாகவும் பொன்னாகவும் கல்லாகவும் நிலைபெற்றுவிட்டது. பாடல் பெற்ற செங்கல் கோயில்கள் கற்றளிகளாயின, ஆடவல்லானாகிய நடராசரின் திருவுருவம் கோயிற்சுவர் மாடங்களான கோட்டங்களில் இடம்பெற்றது. திருக்கோடிகாவலில் திருப்பணி செய்தபோது, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கச் செய்தவரும் இவரே. முன்னோர் கொடுத்த தானங்கள் அழியாமல் காத்த இச்செயலை, கோயில் எடுப்பித்ததற்கு இணையான தொண்டாகவே நான் கருதுகிறேன்.

கணவர் மறைந்த பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் இத்தொண்டில் இருந்தார். அதே குலத்தில் சுந்தர சோழரின் தேவியான வானவன் மாதேவியார், பால்குடி மறவாத குழந்தையைப் பிரிந்து கணவருடன் தீப்புகுந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு பாடுகிறது. ஆகவே ஒரு பட்டத்தரசியின் கொடையைக் கொண்டு அக்காலப் பெண்கள் அனைவரின் நிலையையும் அளந்துவிட முடியாது. இராசராசர் பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் 400 பேரில் ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காகக் கிடைத்தன. அவர்களது பெயர்களும் கல்லில் உள்ளன, ஆனால் ஊரைவிட்டு வர அவர்கள் விரும்பினார்களா என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை.

அம்மையாரின் பெயரைத் தாங்கிய செம்பியன் மாதேவி என்னும் ஊர் நாகப்பட்டினம் பக்கம் உள்ளது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில், மாமியார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் சிறப்பு வழிபாடு நடைபெற உத்தம சோழரின் தேவியர் நிவந்தம் (அறக்கொடை) அளித்திருக்கிறார்கள். அடுத்த சித்திரையில் அந்நாளில் அங்கே வழிபட எண்ணியிருக்கிறோம்.