சின்னம்மாவின் வீட்டுத் திறப்பு

மட்டக்களப்பில் இருந்துகொண்டு கைப்பேசி வழியே ஸ்பானிய மொழி பயிலும் எனக்கு, எது யாருடையது என்று சொல்லும் பாடம் ஒரு மாதமாகியும் முடிந்தபாடில்லை. "என் சின்னம்மாவின் வீட்டுக் கதவின் திறப்பு" என்று எழுத முயன்றேன். "லா யாவே தே லா புவேர்தா தே லா காசா தே மி தியா" என்று வந்தது. நாம் சின்னம்மாவில் தொடங்கித் திறப்பில் முடிக்கிறோம். அவர்கள் திறப்பை முதலில் எடுத்து, கதவையும் வீட்டையும் கடந்து சின்னம்மாவிடம் வந்து சேர்கிறார்கள். இடையில் வரும் "தே" நமது "இன்" உருபின் வேலையைப் பார்க்கிறது.

அந்தத் "தியா"வுக்குள் பெரியம்மாவும் மாமியும்கூட அடங்கிவிடுவதை என் அம்மாவால் இன்னும் ஏற்க முடியவில்லை.

எனக்கு அதைவிடத் தொல்லை தருவது "சு" என்ற குட்டிச் சொல். "சு காசா" என்றால் அவனுடைய வீடு, அவளுடைய வீடு, அவர்களுடைய வீடு, மரியாதையாகப் பேசினால் உங்களுடைய வீடு, இத்தனையும் ஆகும். தாய்வழிக் குடி பார்த்து, மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுக்கும் நம் பகுதியில் இப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியுமா? ஐயம் வருமிடத்தில் அவர்களும் "லா காசா தே எய்யா", அதாவது அவளுடைய வீடு, என்று விரித்துச் சொல்கிறார்கள். "நுவெஸ்த்ரா காசா" என்பதிலும் ஒரு குறை உண்டு: அது எங்கள் வீடா, கேட்பவரையும் சேர்த்த நம் வீடா என்பது அந்தச் சொல்லில் தெரியாது. காசா பெண்பாற் சொல் என்பதால், சொல்பவர் ஆணாக இருந்தாலும் "நுவெஸ்த்ரா" என்றே வரவேண்டும். நான் "நுவெஸ்த்ரோ" என்று எழுதிப் புள்ளி இழந்தேன்.

இன்னொரு புள்ளியை இழந்தது ஆங்கிலத்தை நம்பியதால். பாடம் ஆங்கிலம் வழியாகவே வருவதால், தலைவலியைச் சொல்லும்போது "மி கபேசா", என் தலை, என்று எழுதிவிட்டேன். சரியான விடை "மே துவேலே லா கபேசா". அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "எனக்கு நோகிறது தலை" என்று கிடைக்கிறது; நாம் நாள்தோறும் சொல்வதும் அதுதானே! கை கழுவுவதும் அப்படியே. "மே லாவோ லாஸ் மானோஸ்" என்பதில் "என்" என்ற சொல்லே கிடையாது. சாப்பிட உட்காருமுன் கை கழுவிவிட்டு வருகிறேன் என்னும் நாமும் யாருடைய கையென்று சொல்வதில்லை.