மல்லாவியில் ஒரு மஞ்சள் விமானம்

ஜனவரி 4, 2025

இலங்கையின் வன்னியில் இருக்கும் எங்கள் ஊருக்கு அண்ணா கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பெட்டியை இன்றுதான் பிரித்தோம். பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய அமெரிக்கச் சிறு விமானத்தின் ஆறில் ஒரு பங்கு அளவு மாதிரி, ரிமோட்டில் பறப்பது. லேசரால் வெட்டிய பல்சாப் பலகைகள், கொஞ்சம் ஒட்டுப்பலகை, நீளச் சட்டங்கள், சக்கரம் தாங்கும் கம்பி, இரண்டு பெரிய வரைபடச் சுருள். மோட்டர், வாலையும் இறக்கை மடலையும் அசைக்கும் சேர்வோ, ரிமோட் எல்லாம் தனிப் பொதியில் இருக்கின்றன.

அப்பா ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மரமோ பிள்ளை?" என்று கேட்டார். திரும்பவும் தூக்கினார். நகத்தால் அமத்தினார், பள்ளம் விழுந்தது. அவர் வாழ்நாள் முழுக்கக் கை வைத்தது பாலையிலும் முதிரையிலும். பாலை தண்ணீரில் தாழும் மரம், ஒரு கன மீற்றர் ஆயிரம் கிலோவைத் தாண்டும். பல்சா அதே அளவுக்கு 150 கிலோ அளவில்தான் வரும். யுத்தம் முடிந்து மீள்குடியேறி வந்த பிறகு இந்தப் பக்கத்து வீட்டுத்திட்ட வீடுகள் எத்தனைக்கோ கதவும் யன்னலும் செய்து போட்டவர் அப்பா. இந்த மரம் தென்னமெரிக்காவில் எக்குவடோரிலிருந்து வருகிறது, நான்கைந்து வருடத்திலேயே வெட்டிவிடுவார்கள் என்று சொன்னேன். அவரால் நம்ப முடியவில்லை.

கப் வேண்டும் என்று அண்ணாவிடம் கேட்டது நான்தான். 1938 முதல் 1947 வரை பென்சில்வேனியாவின் லொக் ஹேவன் நகரத்துத் தொழிற்சாலையில் ஏறத்தாழ 20,000 கப் செய்தார்கள். அமெரிக்காவில் ஒரு தலைமுறையே இதில்தான் விமானம் ஓட்டப் பழகியது. அது நல்ல காரணம். ஆனால் எனக்கு முதல் காரணம் நிறம். கப் என்றால் முழு மஞ்சள், பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு. எங்கள் ஊர் வானத்தில் ஒன்றைப் பறக்கவிடுவதென்றால், அது என்னவென்று கீழே நிற்பவர்களுக்குப் பார்த்த உடனே தெரிய வேண்டும்.

ஜனவரி 12

வெளியே மழை. மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துக் கணக்குப் பார்த்தேன். தரம் 10 பிள்ளைகளுக்கு வடிவொத்த உருக்கள் படிப்பிக்கும்போது இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உண்மையான கப்பின் இறக்கை, நுனிக்கு நுனி 10.74 மீற்றர். எங்களுடையது 1.79. நீளம் ஆறிலொன்று, சரி. இறக்கையின் பரப்போ 36இல் ஒன்று: 16.6 சதுர மீற்றர் 0.46 ஆகிவிடுகிறது. எடை கனவளவைப் போல, 6 × 6 × 6, அதாவது 216இல் ஒன்றாக வேண்டும். ஆளும் எரிபொருளும் ஏறிய கப் 553 கிலோ வரை போகலாம்; 216ஆல் பிரித்தால் 2.56 கிலோ. அதுதான் எங்கள் மேல் எல்லை. 2.4க்குள் முடிக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வேகத்துக்கு வேறு கணக்கு. பெரிய கப் மணிக்கு ஏறத்தாழ 61 கிலோமீற்றருக்குக் கீழே போனால் இறக்கை தூக்காது. மாதிரிக்கு அதை ஆறின் வர்க்கமூலத்தால், அதாவது 2.45ஆல் பிரிக்க வேண்டும். 25 வருகிறது. பெறாமகன் கடைக்குச் சைக்கிள் உழக்குகிற வேகம். அவனுக்கு இதைச் சொன்னதும், "அப்ப நான் பக்கத்திலை ஓடிக்கொண்டே வரலாம் சித்தி" என்றான்.

அப்பா இதற்கிடையில் தன் வேலையைத் தொடங்கிவிட்டார். நீளச் சட்டங்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து, தராசில் வைத்து, பாரத்தில் ஒத்தவற்றைச் சோடி சோடியாகக் கட்டி வைத்திருக்கிறார். ஒரே நீளம், ஒரே தடிப்பு. ஆனால் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு பாரம். பல்சா அப்படிப்பட்ட மரம். விறைப்பானவை இறக்கைக்கு, இடமும் வலமும் சமமாக. இலேசானவை வாலுக்கு. நான் சொல்லிக்கொடுக்க நினைத்திருந்த பாடம் அது.

ஜனவரி 15

பொங்கல் ஆட்கள், பலகாரம். ஒன்றும் ஒட்டவில்லை.

ஜனவரி 26

இடது இறக்கை முடிந்தது.

வரைபடத்தைச் சமமான பலகையில் விரித்து, மேலே பொலித்தீன் போட்டு, கீழ்ச் சட்டத்தைக் குண்டூசியால் நிறுத்தி, இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் குறுக்குத் துண்டுகளை, விலா விலாவாக வைத்து ஒட்டிக்கொண்டு போக வேண்டும். சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகும். இந்த மாரி ஈரத்தில் விலாவைத் தொட்டு நேராக்க முன்னமே பிடித்துவிடுகிறது. அதனால் விலாக்களுக்கு மரப்பசை, அவசரமான இடத்துக்கு மட்டும் சுப்பர் குளூ என்று பிரித்துக்கொண்டோம். மரப்பசை இந்தக் குளிரில் ஒரு இரவு முழுக்கக் கேட்கிறது. பரவாயில்லை.

அப்பாவுக்கும் எனக்கும் இன்று பெரிய வாக்குவாதம். இறக்கையின் நுனிப் பக்கம் பின் விளிம்பை 5 மில்லிமீற்றர் உயர்த்தி வைத்துத்தான் ஒட்ட வேண்டும். அதாவது இறக்கை வேண்டுமென்றே கொஞ்சம் முறுகி இருக்கும். அப்பா வந்து ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்த்தார். "பிள்ளை, இது முறுகிப் போச்சு. பசை காய முன்னம் எடு" என்றார். ஐம்பது வருடமாக முறுகின பலகையை நிமிர்த்தின மனிசன். இது அப்படித்தான் இருக்க வேண்டும் என்றால் கேட்கவில்லை. "முறுகின கதவை ஆர் வாங்குவான்?"

கடைசியில் ஒரு விலாவைக் கையில் பிடித்துக் காட்டினேன். விமானம் வேகம் குறைந்து இறங்க வரும்போது மூக்கு கொஞ்சம் மேலே நிற்கும். ஒரு கட்டத்தில் இறக்கையின் மேல் ஓடும் காற்று ஒட்டி ஓடாமல் பிய்ந்துவிடும். அந்த இடம் அதன்பிறகு தூக்காது. நுனியில் அது முதலில் நடந்தால் ஒரு பக்க இறக்கை சட்டென்று விழும். நிலத்துக்குக் கிட்ட அப்படி நடந்தால் விமானம் போய்விட்டது. நுனியை இப்படி முறுக்கி வைத்தால் நடுப்பகுதி முதலில் விடும், நுனி கடைசி வரை தூக்கிக்கொண்டிருக்கும், திருப்பவும் முடியும்.

அப்பா ஒன்றும் பேசாமல் பட்டறைக்குப் போனார். பாலைத் துண்டொன்றில் சீவிய நீளமான ஆப்போடு திரும்பி வந்தார். நான் வைத்திருந்த கடதாசி மட்டைகளை எடுத்துவிட்டு அதை வைத்தார். "மட்டை அமரும், பாலை அமராது. மற்ற இறக்கைக்கும் இதையே பிரட்டி வை. கோணல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேணும், அதுதானே?" அதுதான். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் விமானம் ஒரு பக்கத்துக்கே சாய்ந்துகொண்டு போகும். நான் அதை இன்னும் சொல்லியே இருக்கவில்லை.

பெப்ரவரி 9

உடல் கூடு, வால், மோட்டர். மோட்டர் பூட்டும் பலகை இரண்டு பாகை வலப்பக்கமும் கொஞ்சம் கீழேயும் பார்க்க வேண்டும். சுழலியின் இழுப்பு விமானத்தை இடப்பக்கம் கொண்டுபோகும் என்பதால். அப்பா இந்தக் கோணலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை பாகை என்று மட்டும் கேட்டார்.

வாலில் அவர் செய்த வேலை பெரிது. கப்பின் மூக்கு கட்டை, வால் நீளம். வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமப்படுத்த மூக்கில் மூன்று கிராம் வரை வைக்க வேண்டும். இதைக் கேட்டதும் வால் துண்டுகளை மறுபடியும் எடுத்து, பலம் தேவையில்லாத இடங்களில் அரத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பலம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது அவருக்குப் பார்த்தவுடன் தெரிகிறது. கதவு நிலையில் எந்த மூட்டில் பாரம் விழும் என்று பார்க்கிற அதே கண் அது.

தனியே ஓட்டும்போது கப்பில் விமானி பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். முன்னுக்கு உட்கார்ந்தால் பாரம் முன்னுக்குக் கூடிவிடும். எங்கள் மாதிரிக்கும் பின் இருக்கையில் ஒரு ஆள் வைக்கிறோம். பெறாமகன் ரெஜிபோமில் செதுக்கிக்கொண்டிருக்கிறான்.

பெப்ரவரி 23

மழை விட்டு நல்ல வெயில். இன்று முழுக்க மஞ்சள் ஃபிலிம் ஒட்டினோம். சட்டத்தின் மேல் விரித்து, ஓரங்களை மெல்லிய சூட்டில் ஒட்டி, அப்புறம் சூட்டைக் கூட்டி நடுவில் காட்டினால் சுருங்கி மேளத் தோலாக இறுகும். இறக்கைக்கு மேலும் கீழும் மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் அப்பாவின் ஆப்பால் வைத்த முறுக்கு குலைந்துவிடும். அம்மாவின் ஸ்திரிக்கைப்பெட்டியில் பழைய பருத்திச் சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டோம், ஃபிலிமில் கீறல் விழாமல். அம்மாதான் அதிகம் ஒட்டினார். சீலைக்கு மடிப்புப் பிடிக்கிற கைக்கு இது நன்றாக வருகிறது.

கறுப்புக் கோட்டை பெறாமகன் வெட்டி ஒட்டினான். இரண்டு பக்கமும் ஒரே உயரம்.

மார்ச் 9

எடை 2.36 கிலோ, பற்றரியோடு. சுவரில் எழுதியதைவிடக் குறைவு. அப்பா தராசை இரண்டாம் தரமும் பார்த்தார்.

இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 80 மில்லிமீற்றரில் இரண்டு பக்கமும் விரலால் தூக்கினால் மூக்கு மட்டும் மெல்லக் குனிய வேண்டும். பற்றரியை முன்னுக்கு ஒரு விரல் நகர்த்தியதும் வந்தது, ஈயம் ஒன்றும் போடத் தேவைப்படவில்லை. வாலில் தேய்த்து எறிந்த தூள்தான் காரணம்.

பற்றரி நான்கு செல் லித்தியம் பொலிமர். சார்ஜ் போடும்போது சீமெந்து நிலத்தில், மணல் போட்ட மண்சட்டிக்குள் வைக்கிறேன், பக்கத்திலேயே ஆள் இருக்கும். இதில் விளையாட்டில்லை.

பறக்கவிட அனுமதி எடுத்தாயிற்று. சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளை முதலே வாசித்து, விண்ணப்பித்து, கடிதம் கைக்கு வந்த பிறகுதான் நாளையே யோசித்தோம். கிராம சேவையாளருக்கும் பொலிசுக்கும் நாளையும் இடத்தையும் சொல்லிவிட்டோம்.

அதைவிட எனக்கு முக்கியமான வேலை ஒன்று இருந்தது. நேற்றும் இன்றும் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வயல் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போனோம். யுத்த காலத்தில் ஆளில்லா வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்றோம். வண்டு சுற்றினால் பின்னால் குண்டு போடும் கிபிர் விமானம் வரும். பங்கருக்குள் போக வேண்டும். அந்த இரைச்சலைக் கேட்டு ஓடியவர்கள்தான் இன்றும் இந்த வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே சொல்லாமல் ஒரு மோட்டரைச் சுற்ற எனக்கு மனம் வராது. ஒவ்வொரு வீட்டிலும் முற்றத்தில் வைத்து மோட்டரை ஓட்டிக் காட்டினோம், சத்தம் இப்படித்தான் இருக்கும் என்று. ஒரு ஆச்சி கிட்ட வந்து இறக்கையைத் தடவிப் பார்த்தார். "எத்தினை மணிக்கு விடுவியள்? நான் அந்த நேரம் கோயிலுக்குப் போயிடுவன். நீங்கள் விடுங்கோ" என்றார். காலை ஏழு மணி என்று சொன்னேன். அதை மாற்றப் போவதில்லை.

மார்ச் 22

பறந்தது.

அறுவடை முடிந்த வயல், வெட்டு மெசின் போன தடங்கள் கல்லாக இறுகிக் கிடந்தன. அதனால் வயலோரத்து வெறும் தரையை எடுத்துக்கொண்டோம். காற்று மெல்லியது. முன்பு ஃபோம் விமானம் பறக்கவிட்டுப் பழகிய கைதான், ஆனாலும் ரிமோட்டைப் பிடித்தபோது விரல் குளிர்ந்தது. முதலில் தூர நின்று ரிமோட்டின் சைகை விமானத்துக்கு வருகிறதா என்று பார்த்தோம். வால், இறக்கை, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் அசைகிறது என்று பெறாமகன் உரத்துச் சொன்னான்.

வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினேன். வால் நிமிர்ந்தது. இடப்பக்கம் இழுத்தது, வால் சுக்கானை வலப்பக்கம் கொடுத்தேன், நேரே வந்தது. அவ்வளவுதான், சக்கரம் நிலத்தில் இல்லை. பாதி வேகத்திலேயே ஏறியது.

கப்பைத் திருப்பும்போது ஒரு குணம். இடப்பக்கம் திருப்ப, இறக்கைகளின் பின் விளிம்பில் அசையும் மடலை மட்டும் அசைத்தால், மூக்கு முதலில் வலப்பக்கம் போகும். கீழே வளைந்த மடல் அந்தப் பக்கத்து இறக்கையைப் பின்னுக்கு இழுப்பதால் வருவது. பெரிய கப் ஓட்டுபவர்கள் கையையும் காலையும் ஒன்றாக அசைப்பது இதனால்தான். சுக்கானையும் சேர்த்துக் கொடுத்ததும் அது வழுக்கிக்கொண்டு திரும்பிய அழகு! நல்ல உயரத்துக்குக் கொண்டுபோய் மோட்டரைக் குறைத்து, இறக்கை விடும் வரை மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு நேரே, மெதுவாகக் குனிந்தது. இரண்டு நுனியும் விழவில்லை. "அப்பா, பாத்தீங்களா?" என்று கத்தினேன். அவர் நெற்றியில் கையை வைத்து மேலேயே பார்த்துக்கொண்டு, "ஓம், ஓம். ரெண்டும் ஒண்டாத்தான் நிக்குது" என்றார்.

ஆறு நிமிடத்தில் இறக்கினேன். ஒருமுறை துள்ளி நின்றது. பின் சக்கரக் கம்பி வளைந்திருக்கிறது. அப்பா அதை நிமிர்த்தாமல் கொஞ்சம் தடித்த கம்பியில் புதிதாகச் செய்யப் போகிறார், மூன்று கிராம் கூடும் என்று சொல்லி அனுமதியும் கேட்டார். வலப்பக்க மடலுக்கு ஒரு சுற்றுத் திருத்தம் தேவை. அடுத்த ஞாயிறு, அதே ஏழு மணிக்கு, ஏறிய பிறகு ரிமோட் பெறாமகன் கையில்.